ஒற்றைக் கைக்கு ஒரு தூண்டில்

ஜனவரி 9

இவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் யாமினிப் பொண்ணு இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. "தினமும் சார் என்ன வார்த்தை சொன்னாருன்னு மட்டும் எழுதுங்க மேடம், போதும்" என்றது. தையல் அளவு தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கம் இல்லை. பார்ப்போம்.

இன்று அவர் சொன்னது: "அது." தண்ணீர் கேட்டாலும் அது. ஃபேனைப் போடச் சொன்னாலும் அது. தீபாவளி முடிந்து பத்து நாளில் வாதம் அடித்தது. வலது கை தொங்கிவிட்டது. கால் மெல்லத் தேறிவிட்டது. பேச்சு மட்டும் அந்த ஒரு சொல்லோடு நின்றுபோனது. ஈரோடு மஞ்சள் மண்டியில் மைக் இல்லாமல் ஏலம் கூறியவர் என் வீட்டுக்காரர். சென்னியப்பன் குரல் வாசலைத் தாண்டி லாரி நிற்கும் இடம் வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

கைப் பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டுவிட்டார். நாள் முழுக்க போனில் மீன் பிடிக்கிற வீடியோ. மஞ்சள் தொப்பி போட்ட ஒருவன் ஆற்றில் நின்று கத்திக்கொண்டே இருக்கிறான். இவர் வாழ்நாளில் தூண்டிலைத் தொட்டவர் இல்லை.

ஜனவரி 12

பொங்கல் ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. மெஷினில் குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது கட்டிலில் ஆள் இல்லை, கேட் திறந்திருந்தது.

ஆற்றுப் படித்துறையில்தான் இருந்தார். கடைசிப் படிக்கு மேல் உட்கார்ந்திருந்தார். வேட்டி சட்டை எல்லாம் நெஞ்சு வரைக்கும் ஈரம். யாரோ ஒரு துண்டைத் தோளில் போர்த்தியிருந்தார்கள். காற்றாட வந்திருப்பார், கால் நனைக்க இறங்கியிருப்பார். வீட்டுக்குக் கூட்டி வந்து தலை துவட்டினேன். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மாத்திரை டப்பாவை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எலித் தொந்தரவு அதிகமாகிவிட்டது.

சொற்கள்: இல்லை.

ஜனவரி 13

கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கினேன். தெருநாய்கள் உள்ளே வருகின்றன.

ஜனவரி 15

பொங்கல் வைத்தேன். ஓசூரிலிருந்து மகள் நிவேதா பேசினாள். எட்டாவது மாதம், பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "அப்பா எப்படிம்மா இருக்கறாங்க?" என்றாள். "நல்லாயிருக்கறாரு கண்ணு, சர்க்கரைப் பொங்கல் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு" என்றேன். தட்டு அப்படியே ஆறிப்போய் இருந்தது.

மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன். மஞ்சள் தொப்பிக்காரன் ஒரு தூண்டில் ராடை ஆட்டிக்காட்டி, "மக்களே, இந்த ராடு இல்லாம ஆத்துப் பக்கம் போகாதீங்க. இந்தப் பவுடரு இல்லாம மாவு பிசையாதீங்க" என்கிறான். அதைச் சொல்லும்போது ராடின் பெயர் தெரிகிற மாதிரி திருப்பித் திருப்பிப் பிடிக்கிறான். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்போது மிதந்துகொண்டிருந்த தக்கை சட்டென்று தண்ணீருக்குள் போனது. என் வீட்டுக்காரரின் இடது கை, தானாக, படுக்கை விரிப்பைப் பிடித்து மேலே இழுத்தது.

வீடியோ முடியும் வரைக்கும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஆறு வேண்டுமென்றால் போகட்டும். கையில் ஒரு தூண்டிலோடு போகட்டும். பக்கத்தில் நான் இருக்கிறேன்.

ஜனவரி 19

பக்கத்து வீட்டு வளர்மதியை இவரோடு உட்கார வைத்துவிட்டு ஈரோடு போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தூண்டில் கடை இருக்கிறது. உள்ளே போனால் மிரட்சியாக இருந்தது. சுவர் முழுக்க ராடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு புலியோ, டிராகனோ, மின்னலோ. கண்ணாடி அலமாரியில் தங்கக் கலரில் நூல் சுற்றும் ரீல்கள், நகைக்கடை மாதிரி கீழே சிவப்பு வெல்வெட் போட்டு.

கடைக்காரத் தம்பி பெயர் பூபதி. முப்பத்தைந்து வயது இருக்கும். வாய் ஓயவில்லை.

"அக்கா, இது கார்பனுங்க. வளைச்சா வட்டமா வரும், ஆனா ஒடியாது. இது இன்னும் மேல, இருபத்தி நாலு டன் கார்பன்."

"இருபத்தி நாலு டன்னை எப்படித் தூக்கறது?"

"அது எடை இல்லீங்கக்கா, தரம்."

என்ன தரம் என்று கேட்டேன். அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. துணிக்கடையில் 'ஒரிஜினல் மலாய் காட்டன்' என்று சொல்வார்களே, அந்த மாதிரி ஏதோ ஒன்று போல. மீன் தொட்டால் தானாகச் சுண்டி இழுக்கிற ஸ்பிரிங் ராடும் இருந்தது. அப்படியானால் மனுஷனுக்கு அங்கே என்ன வேலை என்று அதை வேண்டாம் என்றேன்.

இரைக்குத் தனி அலமாரி. ஸ்ட்ராபெரி, பூண்டு, ஏலக்காய், பிரியாணி. டப்பா மேல் படத்தில் ஆள் உயரக் கட்லா மீன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. மீன் பிரியாணி சாப்பிட்டிருக்குமா என்று கேட்டேன். பூபதியும் சிரித்துவிட்டான்.

நரம்பு காட்டினான். நைலான் நூலைத்தான் நரம்பு என்கிறார்கள். "இது எவ்வளவு கனம் தாங்கும்?" என்றேன்.

"பதினஞ்சு கிலோ மீனு அசால்ட்டா வருங்கக்கா."

"ஆள் விழுந்தா?"

"ஆளைப் புடிக்க நரம்பு போதாதுங்கக்கா, கவுறு வேணும்" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

கடைசியில் மஞ்சள் தொப்பிக்காரன் காட்டிய அதே ராடு, அதே தங்க ரீல், அதே ஏலக்காய்ப் பவுடர். எத்தனையோ கல்யாணத் துணிகளைத் தடவிப் பார்த்தே நல்லது கெட்டது சொன்னவள், பெட்டி மேல் இருந்த படத்தைப் பார்த்து வாங்கி வந்திருக்கிறேன். அவர் பார்த்த ராடு அது, அதனால்தான். பெட்டியைப் பிரித்ததும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அது" என்றார். இந்தத் தடவை அது சரியான சொல்தான்.

ஜனவரி 20

எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் போனோம். மேட்டூர் அணையில் தண்ணீரைக் குறைத்திருப்பதால் ஆறு மெதுவாகப் போகிறது. படித்துறையில் ஒரு முஸ்லிம் பாய், மடக்கு நாற்காலி போட்டு, வரிசையாக ஐந்து ராடுகளைத் தாங்கியில் நிறுத்திவைத்து உட்கார்ந்திருந்தார். தலையில் அந்த வீடியோக்காரன் போடுகிற மாதிரியே ஒரு மஞ்சள் தொப்பி. பக்கத்தில் இருந்த வாளியில் மீன் எதுவும் இல்லை.

என் வீட்டுக்காரர் இடது கையில் ராடைப் பிடித்தார். வீசுவதற்கு ரீலின் கம்பியைத் திறக்க வேண்டும். திறக்க இன்னொரு கை வேண்டும். மீன் பிடித்தால் சுற்றுவதற்கும் இன்னொரு கை வேண்டும். இதைக் கடையில் நான் யோசிக்கவே இல்லை. பூபதியும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ராடை மடியில் சாய்த்து, இடது கையால் வலது கையைத் தூக்கி ரீல் மேல் வைத்தார். விரல்கள் மடங்கவில்லை. நழுவி விழுந்தது. மறுபடி வைத்தார். நான் "நான் சுத்தறனுங்க, நீங்க புடிச்சுக்குங்க" என்று கையை நீட்டினேன். அதுதான் தப்பாகப் போனது.

ராடை வீசி எறிந்தார். பிறகு இடது கையால் தன் வலது கையைத் தூக்கிப் படிக்கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தார். பாய் ஓடி வந்து இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "விடுங்கண்ணா, விடுங்க, கையி என்ன பாவம் பண்ணுச்சு" என்றார். பிறகு முழங்கால் தண்ணீரில் இறங்கி ராடை எடுத்துக் கொடுத்தார். பெயர் கமருதீன். எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி வீடு.

"இப்போ உடம்பு தேவலையாம்மா?" என்று என்னிடம் கேட்டார். இவரை முன்பே தெரிந்த மாதிரி கேட்டார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 21

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். போனைக்கூட எடுக்கவில்லை.

ஏலக்காய்ப் பவுடர் டப்பா மூடாமல் சமையல் மேடையில் கிடந்தது. ஒரு எறும்புகூட மொய்க்கவில்லை.

ஜனவரி 24

மறுபடி ஈரோடு. ராடைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். வாசல் ஏறும்போது மனசு மாறிவிட்டது. முந்தானையை எடுத்து வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து இறுக்கிச் சொருகிக்கொண்டேன்.

"என்னாச்சுங்கக்கா, கையில அடியா?" என்று பூபதி பதறினான்.

"எனக்கில்லை. ஒவ்வொன்னா எடுத்துக் குடு. இடது கையிலயே பார்க்கணும்."

ஒவ்வொன்றாகப் பிடித்தேன். டிராகன் போட்டது முன்பக்கம் சாய்ந்தது. புலி போட்டதைத் தூக்கியதும் மணிக்கட்டு இழுத்தது. கடையில் இருந்த இரண்டு பேர் என்னை வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். ஏழெட்டு ராடு ஆனதும் பூபதி மெதுவாகக் கேட்டான்.

"யாருக்குங்கக்கா?"

சொன்னேன். வாதம் என்று சொன்னேன், பேச்சு இல்லை என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அவன் தன் வலது கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பரண் மேல் ஏறினான். ஒற்றைக் கையாலேயே ஏணியைப் பிடித்து, ஒரு நீளமான அட்டைப் பெட்டியை அக்குளில் இடுக்கி இறக்கினான். தூசி தும்மல் வரவழைத்தது.

மெல்லிய பச்சைக் குழல். ஒன்றுக்குள் ஒன்று சொருகியிருக்கிறது, இழுத்தால் நீள்கிறது. ரீல் கிடையாது. நுனியில் நேராக நரம்பைக் கட்ட வேண்டியதுதான். தூக்கினால் மீன், தாழ்த்தினால் தண்ணீர்.

"இதை ஏன் அன்னைக்கே காட்டலை?"

"யாரும் கேக்கறதில்லீங்கக்கா. இதுக்கு ரீல் விக்க முடியாது, வீடியோவுலயும் எடுபடாது. அந்த மஞ்சத் தொப்பிக்காரருக்கு ராடெல்லாம் கம்பெனிக்காரங்களே அனுப்பி வைக்கறாங்க. அவரு இதை எதுக்குக் காட்டறாரு?"

இருவரும் இடது கையால் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தோம். ஒரு அடி நீளம் குறைவான குழலே போதும் என்று அவன் சொன்னான், எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பிடி வழுக்குகிறது என்றேன். சைக்கிள் கைப்பிடி ரப்பரை வெட்டிச் சொருகிக் கொடுத்தான். பழைய ராடை அவனே வாங்கிக்கொண்டான். பவுடரைத் திருப்ப முடியாது, டப்பா திறந்தாயிற்று.

ஜனவரி 26

வரமாட்டேன் என்று தலையை ஆட்டினார். கட்டாயப்படுத்தவில்லை. கேட்டின் பூட்டைத் திறந்து வாசல் திண்டில் வைத்தேன். குழலைத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் போறனுங்க. எனக்கும் ஆசைதான். வந்தா வாங்க" என்றேன். தெருமுனை திரும்பும்போது பின்னால் அவர் செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மாவைப் பிசைந்து முள்ளில் வைத்து நானே போட்டேன். ஊசியில் நூல் கோக்கிற கைக்கு முடிச்சு சுலபமாக இருந்தது, மற்றதெல்லாம் கஷ்டம். முதல் வீச்சில் என் புடவைத் தலைப்பிலேயே முள் மாட்டியது. இரண்டாவது அரச மரத்தில். மூன்றாவதில் மாவு மட்டும் தனியாகப் பறந்து போனது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் குழலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். இடது கையாலேயே ஒரு வீச்சு. தக்கை போய் அழகாக உட்கார்ந்தது.

நான் இரண்டு படி மேலே ஏறி பாய் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய ஐந்து ராடும் சும்மா நின்றன. "எல்லாம் வாங்கிட்டேம்மா. மீனுதான் வாங்கலை" என்றார்.

நானாகத்தான் சொன்னேன். "அன்னைக்குக் கால் வழுக்கிருச்சு போலிருக்குதுங்க பாய். துண்டு நீங்க குடுத்ததுதானே?"

அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "வழுக்கலைம்மா" என்றார். "ஒவ்வொரு படியா நடந்து இறங்கினாரு. நெஞ்சுத் தண்ணி வரைக்கும் போயிட்டாரு. நான் இங்கிருந்து சத்தம் போட்டேன். திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு. நின்னதாலதான் என்னால எட்டிப் புடிக்க முடிஞ்சுது."

"எனக்குத் தெரியுமுங்க" என்றேன்.

தெரியும். அன்றைக்கே தெரியும். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. இங்கேயும் எழுதியதில்லை. கீழே என் வீட்டுக்காரரின் முதுகைப் பார்த்தேன். தக்கையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

மீன் இல்லை. மத்தியானம் சோறு இரண்டாம் தடவை கேட்டார். "அது" என்றுதான். தட்டை நீட்டினார்.

பிப்ரவரி 2

தினமும் போகிறோம். பிரியாணி வாசப் பவுடர் வாங்கிப் போட்ட பாய்க்கு ஒரு நண்டு மாட்டியது. அவ்வளவுதான்.

இன்று காலை இவருடைய தக்கை முங்கியது. குழல் வில்லாக வளைந்தது. பெரிய கெண்டை, முதுகு பளிச்சென்று திரும்பியதை நானே பார்த்தேன். படிக்குப் பக்கத்தில் வரும்போது உதறிக்கொண்டு போய்விட்டது. அப்போது இவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. மண்டியில் இருந்த அதே குரல். அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தச் சொல்லை இந்த நோட்டில் எழுத முடியாது. மீனின் தாயைப் பற்றியது.

பாய் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தார். இவர் திகைத்துப்போய் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு அவரும் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போகிறது. இருந்தாலும் அது சிரிப்புதான்.

யாமினிக்குப் போன் செய்தேன். "ஒரு வார்த்தை சொன்னாருங்க, ஆனா கெட்ட வார்த்தை."

"மேடம், தெளிவா சொன்னாரா?"

"ஊருக்கே கேட்டுதுங்க."

"சூப்பர் மேடம்! கோபத்துல வர்ற வார்த்தைதான் சில பேருக்கு முதல்ல வரும். தடுக்காதீங்க."

இந்த வயதில் கெட்ட வார்த்தைக்கு மனம் குளிர உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 6

மூன்று ஜிலேபி மீன், உள்ளங்கை அளவு. முள்ளிலிருந்து நான் கழற்றப் போனால் கையைத் தட்டிவிடுகிறார். மீனை ஈரத்துண்டில் சுருட்டி, முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் தானே கழற்றுகிறார். வலது கையைத் துண்டின் மேல் எடுத்து வைத்து அழுத்திக்கொள்கிறார். பாரத்துக்கு அது உதவுகிறது.

மாங்காய் போட்டுக் குழம்பு. நிவேதாவுக்கு வீடியோ காலில் மீன் தலையைத் தூக்கிக் காட்டினார். அவள் அழுதுகொண்டே "அப்பா, முள்ளு பாத்து" என்றாள்.

பிப்ரவரி 11

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் இவர் குழலோடு வாசலில் நின்றார். நான் மாவு டப்பாவும் பையும் எடுத்துச் செருப்பு மாட்டினேன். இடது உள்ளங்கையை விரித்து என் முன்னால் காட்டினார். வேண்டாம்.

"பாய்கூட இன்னைக்கு வரமாட்டாருங்க. கல்யாணத்துக்கு சேலம் போயிருக்காரு" என்றேன்.

தலையை ஆட்டினார். தெரியுமாம். என் கையிலிருந்து டப்பாவை வாங்கித் தோள்பையில் போட்டுக்கொண்டார். என்னை நேராகப் பார்த்தார். தை மாதம் முழுக்க என்னைப் பார்க்காத கண்.

என்னென்னவோ வாய் வரைக்கும் வந்தது. நானும் வருகிறேன், தூரத்தில் நிற்கிறேன், வளர்மதி வீட்டுப் பையனை அனுப்புகிறேன். எதைச் சொன்னாலும் இவரை ஆறு பிடித்துக்கொள்ளும் என்று நான் நம்புகிறதாகத்தான் ஆகும். ஒரு வாரமாவது, ஒரு மாதமாவது கழித்து இதே மாதிரி ஒரு காலை வந்தே தீரும். நானே கேட்டைத் திறந்து விட்டேன்.

"வெயில் ஏறும் முன்ன வந்துருங்க" என்று மட்டும் சொன்னேன்.

போய்விட்டார். மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு ஜாக்கெட்டின் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன். மறுபடி அதே பக்கம் தைத்தேன். தெருமுனை வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன். பால் பொங்கி வழிந்தது. ஆற்றுப் பக்கம் ஏதோ ஆள் சத்தம் கேட்டது மாதிரி இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் நின்றேன். திட்டினேன், இவரைத் திட்டினேன், அந்த மஞ்சள் தொப்பிக்காரனைத் திட்டினேன், என்னைத் திட்டிக்கொண்டேன். வெயில் ஏறி முற்றத்துக் கொடிக்கயிறு வரைக்கும் வந்துவிட்டது. போகலாம் என்று செருப்பைப் போட்டுவிட்டேன்.

அப்போதுதான் கேட் சத்தம்.

வேட்டி கணுக்கால் வரைக்கும் மட்டும் ஈரம். மீன் இல்லை. முகம் கடுகடுவென்று இருந்தது. ஏலத்தில் யாராவது மட்டமான மஞ்சளை அவர் தலையில் கட்டப் பார்த்த நாளில் இப்படித்தான் வீட்டுக்கு வருவார். பையிலிருந்து மாவு டப்பாவை எடுத்து, மேடையில் டங்கென்று வைத்தார். முக்கால் டப்பா அப்படியே இருந்தது.

"என்னாச்சுங்க?"

"அது..." என்றார். இல்லை என்று தலையை உதறினார். கண்ணை மூடி எதையோ தேடினார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் உதவிக்குப் போகவில்லை. யாமினி சொன்ன மாதிரி காத்திருந்தேன்.

"நா..." என்றார். "நாளைக்கு."

நான் மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கு," மறுபடி சொன்னார், இந்தத் தடவை தெளிவாக. டப்பாவை விரலால் தள்ளிவிட்டார். "புழு."

"சரிங்க" என்றேன்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வாழையடிக்குப் போனேன். அங்கேதான் குளிக்கிற தண்ணீர் போய்த் தேங்கும். பின்னாலேயே வந்து நின்றார். நான் வெட்டிய இடம் பிடிக்கவில்லை. இங்கே இல்லை, அந்தப் பக்கம் என்று இடது கையை நீட்டினார். அங்கே வெட்டினேன். கறுப்பு மண்ணோடு ஒன்று நெளிந்து வந்தது. அவர் குந்தி உட்கார்ந்து, வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தேங்காய்ச் சிரட்டையை என் பக்கம் நீட்டினார்.